ஒன்பது நாள் ஊறிய ஓமவல்லி

மருந்துக்கடை அக்காவுக்குக் கண்கூட வேண்டாம், மூக்கு போதும் என்பார்கள். மூடியைத் திறந்த மாத்திரத்தில் எந்த டானிக், எத்தனை மாதப் பழசு என்று சொல்லிவிடுவாள். அந்த மூக்கை நம்பித்தான் தம்பி சனிக்கிழமை மத்தியானம் அவளைக் கடையைப் பூட்டவைத்து இழுத்துக்கொண்டு போனான்.

தம்பி வங்கி வேலையை உதறிவிட்டு, பழைய மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் பீர் காய்ச்சுகிறவன். இரண்டு எஃகுத் தொட்டிகள், சுவரில் சுருட்டி மாட்டிய ரப்பர் குழாய், எந்நேரமும் ஈரமாகவே கிடக்கும் தரை. முதல் தொட்டியில் பேல் ஏல் என்கிற சாதாரண வெளிர் பீர். இரண்டாவதிலும் அதேதான். ஆனால் அதில் ஒரு கூடை ஓமவல்லி இலையைத் துணியில் மூட்டை கட்டி ஊறப் போட்டிருந்தான்.

"மூணு மணிக்கு ஒரு பார் ஓனர் வர்றாரு. அதுக்குள்ள நீ ஒரு வாய் குடிச்சுப் பாரு."

பொன்னிறமாகத்தான் இருந்தது, நுரையும் நன்றாக நின்றது. அக்கா முகர்ந்தாள், ஒரு மிடறு விழுங்கினாள். முகம் எட்டுக் கோணலாகப் போனது.

"எப்படிக்கா?"

"இருமல் சிரப்."

"விளையாடாத!"

"தினம் விக்கிறவளுக்குத் தெரியாதாடா? இலையை எத்தனை நாள் ஊற வெச்ச?"

"ஒன்பது."

"ஊறுகாயா போட்ட? ஒரு நாள் போதுமேடா!"

தம்பியின் முகம் செத்துப்போனது. வாசலில் கார் வந்து நின்றது. "அவர் முன்னால வாயைத் திறக்காத. தலையை மட்டும் ஆட்டு, போதும்" என்று கிசுகிசுத்தான்.

பார் ஓனர் கைக்குட்டையும் மூக்குமாக உள்ளே வந்தார். மூன்று நாளாகச் சளியாம். நீட்டிய டம்ளரைப் பாதி காலி செய்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஜில்லுனு இருக்கு. வேற ஒண்ணும் தெரியலையே! நீங்க குடிச்சுப் பார்த்தீங்களாம்மா? எப்படி இருக்கு? நீங்க சொல்றதுதான்."

அவர் முதுகுக்குப் பின்னால் தம்பி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். அக்காவுக்குத் தர்மசங்கடம். ஒரு தலையாட்டலில் தம்பி பிழைத்துக்கொள்வான். ஆனால் இந்த மனுஷன் நம்பி நாலு பேருக்கு ஊற்றிக் கொடுக்கப் போகிறவர்.

"மருந்து மாதிரி இருக்குங்க" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

தம்பி பார்த்த பார்வையில் கண்ணாடி டம்ளரே விரிசல் விட்டிருக்கும்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று அக்கா கைப்பையைத் துழாவி, சிரப்போடு வரும் சின்ன அளவு மூடியை எடுத்தாள். முதல் தொட்டியிலிருந்து மூன்று மூடி, இரண்டாவதிலிருந்து ஒன்று. முகர்ந்து கீழே கொட்டினாள். நாலுக்கு ஒன்று, அதையும் கொட்டினாள். ஐந்துக்கு ஒன்று கலந்ததும் கை நின்றது. குடித்தபோது முதலில் பீருக்கே உரிய ஹாப்ஸ் பூவின் கசப்பு. தொண்டையில் இறங்கிய பிறகு, பக்கத்தில் யாரோ ஓர் இலையைக் கிள்ளியதுபோல லேசாக ஒரு வாசனை.

"இது நல்லா இருக்கு" என்றாள்.

தம்பி வெடுக்கென்று பிடுங்கிக் குடித்தான். கோபத்தை மறந்து இன்னொரு வாயும் குடித்தான்.

பார் ஓனர் சிரித்தார். "கெட்டதைக் கெட்டதுன்னு சொன்னவங்க நல்லதை நல்லதுன்னா நம்பலாம். இதுல ஒரு பாட்டில் கட்டுங்க. மூக்கு திறக்கட்டும்."

கார் தெருமுனை தாண்டியதும் தம்பி பொரிந்தான்.

"நீ எனக்கு அக்காவா, அந்தாளுக்கு அக்காவா?"

"அவருக்குத் தலை நரைச்சிருக்கு. வேணும்னா தங்கச்சி."

சிரிப்பு வந்துவிடக்கூடாதே என்று அவன் குழாயைத் திறந்துவிட்டு, சுத்தமாக இருந்த தரையையே மறுபடி கழுவினான்.

புதன்கிழமை காலை மருந்துக்கடையில் நல்ல கூட்டம். தம்பி மூச்சிரைக்க ஓடிவந்து எல்லாரையும் விலக்கினான்.

"அக்கா! மூக்கு திறந்துடுச்சாம்! மாசம் ஆறு பீப்பா கேக்கறாரு!"

சீட்டை நீட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "அப்படி என்ன மருந்தும்மா அது? எனக்கும் ஒண்ணு குடு" என்றார். கடையே சிரித்தது.

அக்கா அவருடைய மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டுத் தம்பியிடம் திரும்பினாள்.

"சனிக்கிழமை வர்றேன். ஆனா இலை மூட்டையை உள்ள போடறதும் நான்தான், வெளிய எடுக்கறதும் நான்தான். நீ கை வைக்கக் கூடாது."

சரி, சரி என்று அவன் மண்டையை ஆட்டிய வேகத்தில் மூக்குக்கண்ணாடி கழன்று வந்தது.