முப்பத்தேழாவது பிஸ்கட்

பிஸ்கட் காபியில் நனையாமல் வெளியே வந்தபோது கடையின் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: கடைக்காரர், அவருடைய தம்பி, மாடியில் மருத்துவமனை வைத்திருந்த பல் டாக்டர், கடைக்குப் பழம் போடும் பழக்காரம்மா. கடைக்காரரின் ஒரே மகளும் அங்கே இருந்ததாகச் சிலர் சொல்வதுண்டு. இல்லை. அவள் அதற்குப் பத்து நிமிடம் முன்பே பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாள். நேரம் காலை பத்து. கடைக்காரர் விரல் பிஸ்கட் ஒன்றை ஆறிய கெட்டிக் காபியில் முக்கி எடுத்தார். அது போனபடியே திரும்பி வந்தது. நால்வரும் தொட்டுப் பார்த்தார்கள். காய்ந்திருந்தது.

அந்தக் குடும்பம் எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர்கள் யாரிடமும் போய் நின்றதில்லை. வாசல் தேடி வந்தவரை நிற்க வைத்துப் பேசியதும் இல்லை. கடைக்காரரின் அப்பா ஓர் இத்தாலியக் கப்பலின் சமையல்காரரிடம் டிராமிசு செய்யக் கற்றுக்கொண்டு வந்தார். முக்கிய பிஸ்கட் ஓர் அடுக்கு, அதன்மேல் முட்டை மஞ்சள் கருவும் சீஸும் சேர்த்து அடித்த கிரீம், மறுபடி பிஸ்கட், மறுபடி கிரீம், பிறகு ஓர் இரவு குளிரில். அடுப்புக்கே வேலையில்லாத அந்த இனிப்பில் பிசகக்கூடிய இடம் ஒன்றுதான்: பிஸ்கட்டை முக்கும் நேரம். கூடினால் குழையும், குறைந்தால் நறநறக்கும். அதனால் ஒரு பெயரை நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடிக்கும் வரை முக்க வேண்டும் என்று பெரியவர் விதி வைத்தார். காபிக்குப் பொருந்திய பெயர் அவருடையதே. நீளமான பெயர். அவர் காலத்துக்குப் பிறகும் அந்தச் சமையலறையில் ஒரு தட்டுக்கு முப்பத்தாறு முறை அந்தப் பெயர் ஒலித்தது. அப்பா பெயரைச் சொல்லும்போது குனியக் கூடாது என்று மகன் நினைத்தார். தெருவில் அவருக்கு இரும்பு ஸ்கேல் என்று பெயர் வந்ததற்குக் காரணம் அந்த நிமிர்ந்த முதுகுதான். அவர் காதுபட யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அன்று நடந்தது இவ்வளவுதான். மகள் யாரிடமும் கேட்காமல், காபிக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு விட்டு ஒரு தட்டு டிராமிசு செய்து வைத்திருந்தாள். பல் டாக்டர் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, "இத்தனை வருஷமா இதை எங்கே சார் ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டார்.

கடைக்காரர் மகள் பக்கம் திரும்பினார். "யார் பேரைச் சொல்லி முக்கின?"

"தாத்தா பேரு இதுக்கு நீளம்பா. சொல்லி முடிக்கறதுக்குள்ள பிஸ்கட் கரைஞ்சிடுது. என் பேரைச் சொன்னேன். சரியா வந்துச்சு."

அவர் கரண்டியால் வழித்துத் தட்டு முழுவதையும் குப்பைத் தொட்டியில் கொட்டினார். இனிமேல் அந்தப் பெயர் இந்தக் கூரையின் கீழ் யார் வாயிலும் வரக் கூடாது என்றார். மகள் பெட்டி எடுக்கப் போனாள். யாரும் தடுக்கவில்லை. பழக்காரம்மா மட்டும், "ஐயா, சின்னப் பொண்ணுங்க. போய் நாலு வார்த்தை சொல்லுங்க" என்று சொல்லிப் பார்த்தார். கடைக்காரர் பதிலுக்குப் புதிதாகக் காபி இறக்கினார்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் அந்தக் கடையில் எந்தப் பிஸ்கட்டும் காபியில் நனையவில்லை. காபிக்கொட்டையை மாற்றினார், தண்ணீரை மாற்றினார், பிஸ்கட் கம்பெனியையே மாற்றினார். நாள் முழுக்கக் கிடந்த பிஸ்கட் காபியில் படகு மாதிரி மிதந்துவிட்டு மாலையில் மொறுமொறுவென்று வெளியே வந்தது. கம்பெனிக்காரர்கள் ஆள் அனுப்பி ஒரு பாக்கெட் எடுத்துப்போய், தங்கள் அலுவலகத்தில் நன்றாகவே நனைகிறது என்று கடிதம் போட்டார்கள். மூன்றாம் வருடம் தம்பி தன் மகன் வீட்டோடு போய்விட்டார். ஐந்தாம் வருடம் பல் டாக்டரும் இடம் மாற, மேலிருந்து வந்துகொண்டிருந்த ஒரே சத்தமும் நின்றது. மனைவி போய்ச் சேர்ந்து முன்பே வெகுகாலம் ஆகியிருந்தது. கடைக்காரர் முன்பக்க ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தார், பிறகு முழுதும். சாப்பிட்ட ஒரு தட்டைக் கழுவி, அதே தட்டில் அடுத்த வேளை சாப்பிட்டார். பிரிட்ஜ் ஓடி நிற்கும்போதெல்லாம், "என்ன, அதுக்குள்ள ஆச்சா?" என்று கேட்கும் பழக்கம் வந்தது. தினமும் காலை பத்து மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு, அப்பா பெயரைச் சொல்லி ஒரு பிஸ்கட்டைக் காபியில் முக்கி, தொட்டுப் பார்த்து, காய்ந்ததை டப்பாவில் திரும்பப் போட்டார்.

தம்பி மாதம் ஒருமுறை போன் செய்வார். "ஒரு தடவை பேசிடுங்கண்ணா. தூரத்துல கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற இடத்துல வேலை பார்க்கறா. தனியாத்தான் இருக்கா."

"யாரு?"

"பேரைச் சொல்லட்டுமா?"

"சொன்னா போனை வெச்சிடுவேன்."

பதினோராம் வருடம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பழக்காரம்மா ஜன்னல் வழியாக ஆரஞ்சு கொடுத்துவிட்டுப் போனார். சாறு பிழிந்து கையில் வைத்திருந்தபோது மணி பத்தடித்தது. கை தன் பழக்கத்துக்குப் பிஸ்கட்டை எடுத்து டம்ளரில் முக்கியது. அப்பா பெயர் பாதி முடிவதற்குள் பிஸ்கட் ஊறி இரண்டாக உடைந்து விழுந்தது. கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நெடுநேரம் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காய்ச்சல் விட்ட சனிக்கிழமை கிரீம் அடித்து வைத்துக்கொண்டு ஆரஞ்சுச் சாற்றில் முக்க ஆரம்பித்தார். தன் பெயரைச் சொன்னார், பிஸ்கட் தொங்கியது. மனைவியின் பெயரையும் தம்பியின் பெயரையும் சொன்னார், நுனி கரைந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினால் பிஸ்கட் நனையவே இல்லை. வெளியார் பெயரைச் சொல்லி அந்த வீட்டில் பிஸ்கட் முக்கும் பேச்சுக்கே இடமில்லை. மிச்சம் இருந்தது இரண்டே எழுத்துப் பெயர் ஒன்று. அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார், கதவைத் தாழ்போட்டார், பிரிட்ஜ் ஓடி நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார். முதல் முறை பெயர் இழுபட்டு நீண்டது, பிஸ்கட் உடைந்தது. இரண்டாம் முறை சரியாக நனைந்து, வளையாமல் வந்து தட்டில் படுத்தது.

பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், மெருகேற்றும் இயந்திரத்தின் முன் இருந்த மகள் திரும்பிப் பார்த்தாள். பெயர் மறுபடி கேட்டது, பிறகு மறுபடி, ஒரே நிதானத்தில். பத்தொன்பதாவதோடு நின்றது. அவள் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"என்னாச்சு?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

"எங்கப்பா டிராமிசு போடறார்."

"போன் வந்துச்சா?"

"இல்ல. இப்போ கிரீம் தடவிட்டிருக்கார். ரெண்டாவது அடுக்கு இனிமேதான்." சொல்லி வாய் மூடவில்லை, பெயர் மறுபடி தொடங்கியது. "காபி இல்லடி" என்றாள் மகள். "என் பேருக்குக் காபியில ஊறாது."

மறுநாள் முற்பகல் அவள் வாசலில் நின்றாள். கடைக்காரர் கதவைத் திறந்துவிட்டு உள்ளே நடந்தார். மேசையில் ஒரு தட்டுதான் இருந்தது. அவள் அலமாரியைத் திறந்து, பதினோரு வருடமாக இருந்த இடத்திலேயே இருந்த இன்னொரு தட்டை எடுத்துத் தூசி துடைத்தாள். டிராமிசுவின் மேலே வழக்கமாகத் தூவும் கோகோ இல்லை, ஆரஞ்சுத் தோல் துருவல். கத்தி வைத்த இடத்தில் அடுக்குகள் கோடு போட்டதுபோல் நின்றன.

"முப்பத்தேழு தடவை கேட்டுச்சு. ஒரு தட்டுக்கு முப்பத்தாறுதானே?"

"ஒண்ணு உடைஞ்சுபோச்சு."

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்."

"உன்னோடதுல இவ்வளவு இல்லதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? குப்பையில கொட்டினீங்களே?"

கடைக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "கரண்டியில ஒட்டியிருந்துது."

அவள் மாலை பஸ்ஸில் திரும்பிவிட்டாள், திங்கட்கிழமை வேலை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வருகிறாள், தங்குவதில்லை. காபியில் பிஸ்கட் இன்றுவரை நனையவில்லை. அவர் முக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டார். சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு ஆரஞ்சில் முக்குகிறார். அங்கே லென்ஸ் கூடத்தில் அந்த நேரத்துக்கு அவளுடைய இயந்திரத்தை நிறுத்தி வைக்க மேலாளரே அனுமதி கொடுத்திருக்கிறார். அந்தக் கால் மணி நேரம் பக்கத்து இருக்கைக்காரி பேச்சுக் கொடுப்பதில்லை.

இரும்பு ஸ்கேல் கடைசியில் வளைந்துவிட்டது, தனிமை தாங்காமல் மகளைக் கூவிக் கூவி அழைத்தார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் போய் அழைத்ததில்லை. அவர் பிஸ்கட் முக்கினார். பெயர் நேரக் கணக்குக்காக. போன சனிக்கிழமை அது ஐம்பத்திரண்டு முறை கேட்டது என்றால், இந்த வருடம் வருகிற பிஸ்கட் அவ்வளவு தரமில்லை, நிறைய உடைகிறது.