இறுதிப் போட்டியில் ஏழு விநாடி மௌனம்

"இந்த ஷூ எப்படி சுருங்கிச்சு? துவைச்சுத் தொலைச்சியா?" என்று கட்டிலில் உட்கார்ந்தபடியே கத்தினார் கணவர்.

"தோல் ஷூவை யாராவது துவைப்பாங்களா? வீட்ல உட்கார்ந்து சாப்பிட்டதுல உங்க கால்தான் பெருத்துப் போச்சு!" மனைவி சிரித்துக்கொண்டே மண்டியிட்டு, கயிற்றை முழுக்கத் தளர்த்தி, காலை உள்ளே நுழைத்துவிட்டாள். அவள் கணக்கு டீச்சர். ஆனால் அன்று காலை எதையும் கூட்டிப் பார்க்கும் நிலையில் அவள் இல்லை. உடம்பெல்லாம் பரபரப்பு.

இருக்காதா பின்னே? இருபத்திரண்டு வருடமாகக் கால்பந்து மைதானத்தின் குரல் அவர்தான். பந்து இந்தக் கோலிலிருந்து அந்தக் கோலுக்குப் போய்ச் சேரும்வரை இடைவெளியே விடாமல் வர்ணிப்பார். ரசிகர்கள் வைத்த பெயர் 'எக்ஸ்பிரஸ்'. அந்த எக்ஸ்பிரஸ் பதினோரு மாதம் நின்று போயிருந்தது. சாதாரணச் சளி என்று விட்டது கடுமையான நிமோனியாவாகி, பத்தொன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில், வாயில் குழாயோடு கிடந்தார். பிழைத்து வீடு திரும்பியபோது தெருவே கூடி வரவேற்றது. அன்றைய இறுதிப் போட்டிதான் அவர் மறுபடி மைக் பிடிக்கும் முதல் ஆட்டம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு தடவை போனார்கள். அடுத்த தடவை, "நல்லா இருக்கிறவனை ஏன்டி நோயாளியாக்குற?" என்று அவருடைய அக்கா அதட்டியதில் நின்று போனது. அதற்கடுத்தது இறுதிப் போட்டிக்கு முதல் நாள் வந்தது. இந்தத் தடவை மனைவியே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, "அடுத்த மாசம் வர்றோம் மேடம்" என்று சொல்லிவிட்டாள்.

மைதானம் நிரம்பி வழிந்தது. ஒலிபெருக்கியில் அவர் குரல் எழுந்ததும் கேலரியே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. மனைவிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "என் தம்பிடா!" என்று முன்வரிசை ஆளின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள் அக்கா.

இடைவேளைக்குப் பிறகு ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று.

"பத்தாம் நம்பர் பாய்கிறார்! ஒருவரைத் தாண்டிவிட்டார், இரண்டாமவரையும்..."

ஒலிபெருக்கி அடங்கியது. பிறகுதான், "கார்னர்!" என்று வந்தது.

"பார்த்தியா, எப்படித் தவிக்க விடுறான்னு!" அக்கா குதித்தாள்.

மனைவி குதிக்கவில்லை. மைக்கில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. இருமல் வந்தால், சத்தம் வெளியே கேட்காமல் அமுக்கிக்கொள்வதற்கு. அதை இத்தனை வருடத்தில் பத்துத் தடவைகூட அவர் தொட்டதில்லை. பந்து கோலை நெருங்கும்போது வாயை மூடுகிற ஆளா அவர்? அடுத்த மௌனத்தை அவள் எண்ணினாள். மூன்று விநாடி. அதற்கடுத்தது ஐந்து. பிறகு ஏழு. வீங்கிய கால், தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு தூங்கியது, மாடிப்படியில் பாதியில் நின்று வேடிக்கை பார்த்தது, எல்லாம் ஒரே நொடியில் கூடி விடை சொன்னது.

"எங்கடி ஓடுற? கோல் விழப் போகுது!"

"அவரே விழப் போறாரு அண்ணி!"

நாற்பது படி. மேலே வர்ணனைக் கூண்டில் அவர் மேஜையில் கவிழ்ந்திருந்தார். ஒரு கை பொத்தான்மேல். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்தில் விருந்தினராக உட்கார்ந்திருந்த முன்னாள் கோல்கீப்பருக்குக் கண்ணெல்லாம் பந்தின்மேல்.

"பன்னெண்டு நிமிஷம்... தான்... இருக்கு..." என்றார் அவர்.

"பன்னெண்டு விநாடிகூடத் தர மாட்டேன்!" மைக்கைக் கோல்கீப்பர் பக்கம் தள்ளினாள். "அண்ணே, நீங்க பேசுங்க!"

"ஐயோ டீச்சர், எனக்குப் பந்தைப் பிடிக்கத்தான் தெரியும்!"

"கண்ணுல பட்டதைச் சொல்லுங்க, போதும்!"

மைதானத்து ஆம்புலன்ஸ் பத்தே நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. நுரையீரலிலும் காலிலும் நீர் கோத்திருந்தது. ஊசியும் ஆக்ஸிஜனும் ஏறி, ஒரு மணி நேரத்தில் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"கடுமையான நிமோனியா நுரையீரலோட நிக்காதும்மா, இதயத்தையும் ஆட்டி வைக்கும். வருஷக்கணக்குல கவனிக்கணும்," என்றார் டாக்டர்.

"குணமாயிடுச்சுன்னுதானே டாக்டர் வீட்டுக்கு அனுப்பினீங்க?"

"நாங்க இடைவேளைக்கு அனுப்பினோம். நீங்க கோப்பையைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க!"

அவள் தலை குனிந்தாள். தள்ளிப் போடச் சொன்ன போனை அவளல்லவா செய்தாள்?

கதவு படாரென்று திறந்தது. அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஜெயிச்சுட்டோம்டா! கடைசி நிமிஷத்துல கோல்! அந்தக் கோல்கீப்பர் சந்தோஷத்துல மைக்லயே அழுதுட்டான்!" தம்பியின் முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடியைப் பார்த்ததும் குரல் உடைந்தது. "ஏன்டி, பிழைச்சு வந்தவன்தானே? அப்புறம் ஏன்டி இப்படி?"

"நாம கை தட்டிட்டு அத்தோட விட்டுட்டோம் அண்ணி. நானும்தான்." மனைவி கணவரின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். "உயிரைக் காப்பாத்திக் கொடுத்தது டாக்டருங்க. அதைக் கட்டிக் காக்குறது வீட்டுல இருக்கிற நாம. தீவிர சிகிச்சையில இருந்து திரும்பினவங்களுக்குக் கைதட்டல் மட்டும் போதாது அண்ணி, வருஷக்கணக்குல கவனிப்பு வேணும்."