சுட்டியனின் காது

திராட்சை விவசாயி ஈஸ்வரபாண்டி என்றால் ராயப்பன்பட்டிப் பக்கம் யாருக்கும் தெரியாது. சுட்டியன் வீட்டுக்காரர் என்றால் கம்பம் வரைக்கும் தெரியும். அந்தக் காளை வாடிவாசலைத் தாண்டி வந்தால் மீசை முறுக்கியவனெல்லாம் வேலியேறி உட்கார்ந்துவிடுவான். வீட்டிலோ அதே மாடு அவர் மனைவி ஜோதிலட்சுமியின் முந்தானைக்குள் மூக்கை நுழைத்துத் திராட்சை தேடும். வெட்கங்கெட்ட மாடு!

2009 ஐப்பசியில் அதைத் தோட்டத்தில் விரியன் கடித்துவிட்டது. உயிர் அடங்கியதும், மாரில் அடித்துக்கொண்டிருந்த ஈஸ்வரபாண்டியை மாட்டு டாக்டர் தனியே கூப்பிட்டார். வடக்கே எங்கோ ஓர் எருமையின் காதுத் துணுக்கிலிருந்து அதே அச்சில் கன்று ஒன்றைப் பிறப்பித்திருக்கிறார்களாம்.

"காதுல கொஞ்சம் வெட்டித் தாரேன். ஐஸ்ல வச்சு நாளைக்கே மெட்ராஸ் கொண்டு போங்க. அங்கன எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. கன்னு வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். எடுத்து வச்சாத்தான் என்னைக்காவது வரும்."

கட்டைவிரல் அகலத் துணுக்கு. ஐஸ் கட்டி கரைந்துவிடும், ஐஸ் பெட்டிதான் உத்தமம் என்று ஈஸ்வரபாண்டி தானாக முடிவு செய்தார். கடைக்காரி சாராள் தன் கடை ஐஸ் பெட்டியில் சேமியா ஐசுக்கு அடியில் அதைப் பத்திரமாக வைத்தாள்.

மறுநாளே பஸ் ஏறியிருக்க வேண்டியவர்தான். ஆனால் துக்க வீட்டுக்காரன் பதினாறு முடியாமல் ஊர் எல்லை தாண்டலாமா? பங்காளி கர்ணன் சொல்லிப் பார்த்தான்.

"மாட்டுக்கு ஏதுண்ணே கருமாதி? மொதல்ல கெளம்பு."

"ஏலே, என் பிள்ளைக்குச் செய்யாம வேற யாருக்குடா செய்வேன்?"

மொட்டை போட்டார். பந்தல் போட்டு ஊருக்கே சோறு போட்டார். மனிதர் பாசத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஜோதிலட்சுமி அழுகையை நிறுத்திவிட்டு, வரப்போகும் கன்றுக்காகத் தொழுவத்தைக் கழுவி வைத்தாள்.

பதினேழாம் நாள் சென்னையில் அந்த டாக்டர், ஐஸ் நிறைத்துக் கொண்டுவந்த டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"இது என்னைக்கு வெட்டினது?"

"பதினாறு நாளாச்சுங்க. கருமாதி முடிச்சுத்தான் கெளம்புனேன். ஐஸ் பெட்டியிலதான் இருந்துச்சு. கல்லு மாதிரி அப்படியே இருக்கு பாருங்க."

டாக்டர் அவருடைய மொட்டைத் தலையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்படி உறைஞ்சா உள்ள இருக்கிற உயிர் செத்துடும், ஐயா. உறைய விடாம மறுநாளே கொண்டு வந்திருந்தா காப்பாத்தி வச்சிருப்போம். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

சுட்டியன் செத்த மறுநாள் காலையில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று ஈஸ்வரபாண்டி யோசித்தார். பந்தலுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோயம்பேடு பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்தார்.

"டாக்டர் என்ன சொன்னாக? கன்னு எப்ப வருமாம்?" ஜோதிலட்சுமி மூச்சுவிடாமல் கேட்டாள்.

"சுட்டியன் செத்துட்டான், ஜோதி."

"என்ன பேசுறீக? அதுக்குத்தான கருமாதி செஞ்சு ஊருக்கே சோறு போட்டோம்?"

"அன்னைக்கு முழுசாச் சாகல, புள்ள. மிச்ச உயிர நான்தான் கொன்னுட்டேன்."

அத்தனை ஜனத்துக்கும் நடுவே அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.