ஒட்டிக்கொண்ட கால்கள்

"காலெல்லாம் ஒட்டிக்கிச்சுன்னு சொன்னியேக்கா, அது என் காலா?"

போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்து அறை டாக்டரம்மாவிடம் அவள் குரல் கொடுத்ததைத் தம்பி கேட்டுத் தொலைத்திருக்கிறான்.

"உன்னோடதுதான். ஆனா நீ செருப்பு மாட்டுற கால் இல்லடா."

"பின்னே? எனக்குத் தெரியாம எனக்கு வேற கால் இருக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதமாக முகமும் பாதமும் உப்பிக் கிடக்கிறான். வாய் மட்டும் குறையவில்லை.

அவன் சிறுநீரகத்தின் ஒரு துணுக்கு, அவள் வேலை பார்க்கும் ஆய்வகத்தின் இருட்டறையில், எலக்ட்ரான் நுண்ணோக்கியின் பச்சைத் திரையில் விரிந்திருந்தது. சாதாரண நுண்ணோக்கிக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இங்கேயோ, வடிகட்டும் சவ்வின் மேல் தனித்தனியாக ஊன்றி நிற்க வேண்டிய, செல்களின் நுண்ணிய கால்கள், மழையில் நனைந்த காகிதங்களைப் போல ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்திருந்தன.

"கால் ஒட்டினது மட்டும்னா பெரும்பாலும் மாத்திரையிலயே சரியாயிடும். சவ்வுல கறுப்பா திட்டு இருந்தாத்தான் இழுத்தடிக்கும்."

"அப்ப இல்லைன்னு எழுதிடு. அக்கான்னு எதுக்கு இருக்கே?"

"வாயை மூடு" என்று போனை வைத்தாள்.

படத்தை நகர்த்தினாள். சவ்வின் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. துணுக்குக்கு ஏற்றிய சாயத்தின் அழுக்கு, எத்தனையோ முறை பார்த்ததுதான். விரல் தானாகக் குமிழைத் திருகி அடுத்த இடத்துக்குப் போய்விட்டது.

போன பிறகுதான் குமிழை விட்டுக் கையை எடுத்தாள். வேறு யாருடைய துணுக்காகவாவது இருந்திருந்தால் இத்தனை சீக்கிரம் அழுக்கு என்று ஒதுக்கியிருப்பாளா? சாய அழுக்கு கண்ட இடத்திலெல்லாம் சிதறிக் கிடக்கும். இதுவோ சவ்வைப் பிடித்துக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்தது?

குமிழைத் திரும்பத் திருகி, புள்ளியைத் திரையின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினாள். அப்போது டாக்டரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். துணுக்கின் மேல் எண்தான் இருந்தது. யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

"என்னம்மா, கால் மட்டும்தானே? வேற ஒண்ணும் இல்லியே?"

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"மேடம், இது என் தம்பியோடது. இன்னிக்கு என் கண்ணு எனக்கு வேண்டியதைத்தான் பாக்குது. நீங்க கொஞ்சம் உக்காந்து பாக்குறீங்களா?"