கிள்ளையில் கலீஃபா நாடகம்

நாடகமே வேண்டாம் என்று என் தங்கை நிலோஃபர் தலைதலையாய் அடித்துக்கொண்டாள். கேட்டேனா? எங்கள் ஊர் கிள்ளையின் பொங்கல் விழா மேடையில் கலீஃபாவை ஏற்றினேன். ஆப்பிரிக்காவில் மாலி என்றொரு பேரரசு. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் அதை ஆண்ட ராஜாவின் பேர்தான் கலீஃபா. பொழுது போகவில்லையென்றால் வில்லை எடுத்துச் சொந்தக் குடிமக்கள் மேலேயே அம்பு விடுவான், படுபாவி. இங்கே ஒரு நாதிக்கும் அவனைத் தெரியாது. அதனால்தான் எழுதினேன்.

அந்த நாட்டில் ராஜா பேசினால், கேட்கிறவன் மண்டி போட்டு மண்ணை அள்ளித் தன் தலையில் போட்டுக்கொள்வான். அது மரியாதை. நிலோஃபரின் புருஷன் ஆசிக்தான் குடியானவன் வேஷம். அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டான். கடல்காற்று சும்மா இருக்குமா? முன்வரிசையில் இருந்த இறால் பண்ணை முதலாளி கண்ணாயிரத்தின் வெள்ளைச் சட்டை முழுக்க மண். காலையில்தான் மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டிருந்தான்.

“எனக்கா மண்ண வாரித் தூத்துற? எங்குடும்பம் நாசமாவணுமா?”

அவன் ஆட்கள் மேடையேறி ஆசிக்கை மயிரைப் பிடித்து இழுத்து ஜீப்பில் போட்டார்கள். நாடகம் பாதியில் நின்றது. அத்தனை கூட்டமும் வேடிக்கை பார்த்தது. த்தூ!

பைக்கில் விரட்டிப் பண்ணைக்குப் போனேன். மோட்டார் கொட்டகையில் ஆசிக் ரத்தமாய்க் கிடந்தான். இரும்புக் குழாயால் அடித்து வலது கையை நொறுக்கியிருந்தார்கள்.

“சாபமில்லீங்க! அந்த ஊர்ல அதான் மரியாத!” கண்ணாயிரம் காலில் விழுந்தேன்.

“அப்டியா? போட்டுக் காட்டு.”

போட்டுக்கொண்டேன். சேறும் இறால் நாற்றமும். அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. கண்ணாயிரத்துக்குக் குஷி தாங்கவில்லை. “நீங்களும் போடுங்கடா!” என்று தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினான். ஒருத்தன் தயங்கினான். கண்ணாயிரம் கொக்கு விரட்டுகிற ஏர்கன்னை எடுத்து அவன் கெண்டைக்காலில் சுட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். நாலு பேரும் போட்டுக்கொண்டார்கள்.

“சரி, இட்டுக்கினு போ. ஆமா, அந்த ராஜா கடைசில என்னா ஆனான்?”

“வாணாம் மச்சான், போய்டலாம்,” என்று ஆசிக் முனகினான். ராஜா நல்லாத்தான் இருந்தான் என்று ஒரு பொய் சொன்னால் அத்தோடு தப்பிப் போயிருக்கலாம். பாழாய்ப்போன என் வாயில் வரவில்லை.

“அவன் ஜனங்களே அவனக் கொன்னுட்டாங்க.”

சிரிப்பு நின்றது. கண்ணாயிரம் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து ஆசிக்கின் மண்டையில் இறக்கப் பார்த்தான். குறுக்கே என் கையைக் கொடுத்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மறு கையால் குழாயைப் பறித்து அவன் முழங்காலில் போட்டேன். விழுந்தான். இன்னொன்று போட்டேன்.

“புடிங்கடா அவன!”

ஒருத்தனும் அசையவில்லை. பிறகு, காலில் குண்டடி பட்டவன் மட்டும் நொண்டிக்கொண்டு வந்து என் கையிலிருந்த குழாயை வாங்கிக்கொண்டான்.

“நீ அவர ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போ, ஷாகிர் பாய்.”

ஆசிக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் அடி விழ ஆரம்பித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.