பலகையில் ஒட்டிய பொட்டு

"முந்நூற்று அறுபதோ? திரும்பவும் ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கியிருக்கிறாய், என்ன?"

நேசமலர் தலையைக் குனிந்தாள். நாளை மறுநாள் அவளுக்கு உயர்தரப் பரீட்சை, பௌதிகவியல். அதற்காகவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் எங்கள் ஹோலின் பாதியில், பிளைவூட் தடுப்புக்கு அப்பால் இருக்கிறாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா செத்தபிறகு, அந்தப் பாதிக்கு வந்த வாடகையில்தான் நான் கம்பஸ் போனேன்.

"காவலிட்ட பாத்திரம். உள்ளுக்கு இருக்கிற சூடு வெளியில போகாது. நடுவில வெப்பம் கடத்துற சுவர். இஞ்சால குளிர்ந்த வாயு மூண்டு மூல், முந்நூறு கெல்வின். அங்கால சூடானது ஒரு மூல், நானூற்று இருபது. சமநிலை எண்டா நட்டநடுவில நிக்கிறதில்லையடி. எந்தப் பக்கம் கூடவோ அந்தப் பக்கம்தான் சாயும். முந்நூற்று முப்பது."

"நாட்டு நிலைமை மாதிரி, என்னக்கா?"

சிரிக்க வாயெடுத்தேன். தெருவில் ஜீப் நின்றது.

அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தா. "ரவுண்டப்! வீடு வீடாத் தேடி வாறாங்கள். பொட்டை எடு பிள்ளை."

வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்குவோருக்கான பொலிஸ் பதிவு நேசமலருக்கு இன்னும் கிடைக்கவில்லை. பதிவில்லாமல் பிடிபட்ட பக்கத்து லேன் பெட்டை இன்னும் வீடு திரும்பவில்லை. இவளைக் கொண்டுபோனால் பரீட்சை போச்சு. பிறகு எது போகுமோ தெரியாது. அவள் பொட்டை உரித்துத் தடுப்பில் ஒட்டினாள். வெளியே போகும்போதெல்லாம் அங்கேதான் ஒட்டிவிட்டுப் போவாள். பலகை முழுக்கப் பழைய பசை வட்டங்கள். அம்மா தன் செபமாலையை அவள் கழுத்தில் போட்டா.

"நீ என்ர தங்கச்சி மெற்றில்டாவின்ர மகள். ஹெந்தளை. ஐசி அட்டையை அங்க விட்டிட்டு வந்திட்டாய்."

அப்போதுதான் கண்டேன். அவள் நெற்றியில், யாழ்ப்பாணத்தில் வருஷக்கணக்காய்ப் பொட்டிருந்த இடத்தில், வெயிலே படாத வெளிறிய வட்டம். அவள் அதைத் தேய்க்கத் தேய்க்கச் சுற்றிவரச் சிவந்ததுதான் மிச்சம்.

நாங்கள் கத்தோலிக்கர், என் நெற்றியில் ஒன்றுமில்லை. சென்றிகளில், அந்தச் சோதனைச் சாவடிகளில், ஒரு பார்வையோடு என்னை விட்டுவிடுவார்கள். உள்ளே இருக்கிற சூடு வெளியே போகாதாம், இரண்டு பக்கமும் பகிருமாம். இந்த வீட்டில் சூடு முழுக்க அவள் பக்கம். பட்டம் படித்து நான் சொல்லிக்கொடுக்கிற லட்சணம் இது.

பலகையிலிருந்து பொட்டை உரித்து என் நெற்றியில் ஒட்டினேன்.

"ஐறீன்! பைத்தியமே உனக்கு? கழட்டடி!"

"ரெண்டு பேரும் ஆசைக்கு வைக்கிறம் எண்டு சொல்லுவம். அவளின்ர அடையாளத்துக்கு வேற என்ன சொல்லப் போறீங்கள்?"

"ரெண்டு பேரையும் ஜீப்பில ஏத்தினா?"

நான் பொட்டை இன்னும் அழுத்தி ஒட்டினேன்.

உள்ளே வந்த பொலிஸ்காரன் நேசமலரைக் காட்டி, இது யார் என்று கேட்டான். "மே கவுத?"

"மகே நங்கிகே துவ, மஹத்தயா." தங்கச்சியின் மகள் என்று சொல்லிக்கொண்டே அம்மா அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றா.

அவன் அவளுடைய நெற்றியைப் பார்த்தான். பிறகு என்னுடையதை.

"அபி தென்னம தானவா," என்றேன். "ஸ்டைல் எகட."

இரண்டு பேரும் ஸ்டைலுக்கு வைப்போமாம். அவன் சிரிக்கவில்லை. என் அடையாள அட்டையை வாங்கினான். திருப்பித் தரவில்லை. மேசைக்கு அடியில் நேசமலரின் கை வந்து என் கையைப் பிடித்தது. பசை போன பொட்டு, வியர்வையில் என் புருவத்தை நோக்கி மெல்ல நழுவத் தொடங்கியது.