கண்ணும் கருத்துமாய்

சிற்பக் கூடத்து வாசல் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டூலம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த நாற்காலி என்றால் நரைத்த மீசையும், கழுத்து வரை பொத்தான் போட்ட சீருடையும், வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு தலையாட்டலும்தான். இன்று இருந்தவள் சின்னப் பெண். சீருடை அவளுக்குத் தொளதொளவென்று தொங்கியது.

'ஸ்டூலம்மா' என்பது மியூசியத்தார் வைத்த பெயர். தினமும் மடக்கு ஸ்டூலும் தோள்பையுமாக வருவாள். சிலைகளை அவள் வரைவதில்லை. சிலையைப் பார்க்க வந்தவர்களைத்தான் வரைவாள். செருப்புக் கடியைத் தடவிக்கொள்ளும் பெண், காதலியிடம் எல்லாம் தெரிந்த மாதிரி அளந்துவிடும் இளைஞன், வெளியே போனால் பஸ்ஸுக்குக் கழுத்தை நீட்டும் கூட்டம், இவர்கள்தான் அவளுடைய சரக்கு. நாளுக்கு ஒரு படம். சாயங்காலம் போனிலிருந்து இணையத்தில் ஏற்றிவிடுவாள். படத்துக்குக் கீழே குறும்பாக ஒரு தலைப்பு. அதற்கும் கீழே, என்றும் மாறாத இரண்டு சொற்கள்: நேரில் கண்டது.

ஊரே அந்த இரண்டு சொல்லுக்குத்தான் மயங்கிக் கிடந்தது.

"அண்ணன் இன்னிக்கு லீவா?" என்று கேட்டாள்.

சின்னப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதானே அந்தப் படம் போட்டது?"

"எந்தப் படம்?"

எந்தப் படம் என்று அவளுக்கா தெரியாது! முந்தாநாள் போட்டது. வாசல் சிலையின் காலடியில் நாற்காலி, நாற்காலியில் காவலர், காவலரின் கண்கள் மூடியிருக்கின்றன. தலைப்பு: 'கண்ணும் கருத்துமாய்.' அவள் போட்டவற்றிலேயே ஊரெல்லாம் சுற்றிவந்த படம் அதுதான். விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். நேற்று முழுக்க அவளும் போனைக் கீழே வைக்காமல், ஒவ்வொரு சிரிப்பையும் எண்ணாத குறையாக ரசித்திருந்தாள்.

"டூட்டியில தூங்கினாருன்னு அவரை நிறுத்திவச்சிருக்காங்க. மத்தியானம் விசாரணை. வேலை போயிடும்னு பேசிக்கிறாங்க" என்றாள் சின்னப் பெண். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "என்னை மட்டும் வரைஞ்சிடாதீங்கம்மா. எனக்குத் தும்மல் வந்தாக்கூடக் கண்ணு மூடிக்கும்."

ஸ்டூலம்மா ஸ்டூலை விரிக்கவே இல்லை.

நேராகப் பெண்கள் கழிப்பறைக்குப் போனாள். தாழ் போட்டாள். போனை எடுத்தாள். அவசரத்தில் வேறு வேறு படங்கள் திறந்தன. கடைசியில் அது கிடைத்தது.

போட்டோ.

ஆம், போட்டோதான். அந்த இரண்டு சொற்களும் ஒரு காலத்தில் சத்தியமாக இருந்தவைதான். ஆனால் மனிதர்கள் சிலைகள் இல்லையே. தலையைக் கோடு போட்டு முடிப்பதற்குள் கால் அடுத்த கூடத்துக்குப் போயிருக்கும். ஒரு நாள், 'இது ஒண்ணு மட்டும்' என்று போனில் ஒரு க்ளிக். மறு நாள் இரண்டு. அப்புறம் மியூசியத்தில் ஸ்டூலை விரித்து பென்சிலை அசைப்பது வெறும் பாவனையாகிவிட்டது. மடியில் வைத்த போன் சத்தமில்லாமல் படம் பிடிக்கும். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் போனைச் சாய்த்து வைத்து, நிதானமாக வண்ணம் தீட்டுவாள்.

வீட்டில் இருப்பது தம்பியும் தம்பி மனைவியும். தம்பி மனைவிக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணி, நேரில் கண்டது மேஜையில காயுது. கொஞ்சம் நகர்த்தினீங்கன்னா தட்டு வைப்பேன்" என்பாள். மூவரும் சிரிப்பார்கள். சிரித்துச் சிரித்தே அது பொய் என்பது மறந்துபோயிருந்தது.

போட்டோவைப் பெரிதாக்கினாள்.

காவலர் விழித்திருந்தார். சும்மா விழித்திருக்கவில்லை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறவர்போல நெஞ்சை நிமிர்த்தி, போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைதான் வினையாகிப்போனது. படம் எடுப்பது தெரிந்தே ஒருவர் பார்க்கிறார் என்றால், 'நேரில் கண்டது' பல்லிளித்துவிடும். அதனால்தான் அன்று தூரிகையை எடுத்து, கண்ணுக்கொரு கோடு கீழ்நோக்கி வளைத்து இழுத்தாள். கண் மூடிக்கொண்டது. மூடிய கண்ணைப் பார்த்ததும் தலைப்பு தானாக வந்து விழுந்தது. தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு படுக்கப் போனாள்.

தம்பி மனைவிக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"போட்டோவைக் காட்டிடுங்க அண்ணி. தீர்ந்துபோச்சு."

"காட்டினா என் கதையும் தீர்ந்துபோச்சு."

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அடுத்த வாரம் இதே மியூசியத்தில் ஸ்டூலம்மாவின் கண்காட்சி. பெயர்: 'நேரில் கண்டவை'. முகப்பில் துணிப் பதாகை கட்ட ஏற்கெனவே ஏணி சார்த்தியிருந்தார்கள்.

"இப்ப என்ன பண்றதா உத்தேசம்?" என்றாள் தம்பி மனைவி.

"பேசிப் பார்க்கிறேன். பக்குவமா."

"பக்குவமாவா? அண்ணி, நீங்க பக்குவமாப் பேசினா எனக்கே தூக்கம் வரும்" என்றாள். ஆனால் அவள் குரலில் சிரிப்பு இல்லை.

மியூசிய இயக்குநரின் அறைக்கு வெளியே மரபெஞ்சில் காவலர் உட்கார்ந்திருந்தார். சீருடை இல்லாமல், கட்டம் போட்ட சட்டையில், யாரோ ஒரு பார்வையாளர் மாதிரி இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த மரியாதையே அவளைச் சுட்டது.

"வாங்கம்மா. உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கேன்."

திட்டப்போகிறார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"நான் தூங்கலைன்னுதான் சொன்னேன். கறார் ஒத்துக்கல" என்றார். கறார் என்பது மேற்பார்வையாளருக்குக் காவலர்கள் வைத்த பெயர். "அந்தம்மா நேர்ல பார்த்து வரையறவங்க, உன் மேல அவங்களுக்கு என்ன பகைன்னு கேட்டாரு. அதுவும் சரிதானே? வீட்டுக்காரிகிட்ட சொன்னா, அவ ஒரு படி மேல போறா. பிரஷருக்கு மாத்திரை போடறீங்களே, அசந்திருப்பீங்கன்னு." குரலைத் தாழ்த்தினார். "நீங்களே சொல்லுங்கம்மா. நிஜமாவே கண் அசந்துட்டேனா?"



தன் கண்ணைவிட அவள் கோட்டை நம்புகிறார் மனிதர்!

"நான் உள்ள வந்து பேசறேன் அண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

"நீங்க வந்தாலே போதும்" என்றார்.

உள்ளே இயக்குநர் அம்மையார் மேஜைக்குப் பின்னால் இருந்தார். கறார் பக்கத்தில் நின்றார். காவலருக்கு நாற்காலி போடவில்லை. ஸ்டூலம்மாவுக்குப் போட்டார்கள். மேஜை மேல் அவளுடைய படம், காகிதத்தில் பெரிதாக அச்செடுத்து வைத்திருந்தது. அத்தனை பெரிதாகப் பார்க்கையில், அந்த இரண்டு கோடுகள் இரண்டு தையல்போல இருந்தன.

"நீங்க ஏன் சிரமப்பட்டு வந்தீங்க? இது எங்க உள்விவகாரம்" என்றார் இயக்குநர்.

"இல்ல மேடம், அது வந்து... சின்ன முகம் பாருங்க. கண்ணுக்கு ஒரே ஒரு கோடுதான் இழுக்க முடியும். பார்க்கறவங்களுக்கு மூடின மாதிரி தெரியலாம்."

"அப்போ அவர் கண்ணைத் திறந்துதான் வச்சிருந்தாரா?" கறார் சட்டென்று கேட்டார்.

இதோ கேள்வி. ஒரு 'ஆமாம்' போதும்.

"அப்படித்தான்... இருந்திருக்கணும். சரியா ஞாபகம் இல்ல."

சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம்போல இருந்தது.

"ஞாபகம் எதுக்கும்மா? நேரில் கண்டதுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. போதாததுக்குக் 'கண்ணும் கருத்துமாய்'னு நக்கல் வேற. திறந்த கண்ணுக்கு அது நக்கலே ஆகாதே?" கறாரைப் பார்த்தால் கூர்மையான ஆளாகத் தெரியாது. ஆனால் கேட்டது சரியான கேள்வி.

இயக்குநர் கையை உயர்த்தினார். அவருக்கு அடுத்த வாரக் கண்காட்சிதான் கவலை. "ஓவியரைப் போட்டுக் குடையாதீங்க. அவங்க பார்த்ததை வரைஞ்சாங்க. இவர் ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்தா, கௌரவமா அனுப்பிடலாம். வெளியில பேச்சும் அடங்கிடும்."

காகிதம் காவலர் முன்னால் நகர்ந்தது. அவர் ஸ்டூலம்மாவை ஒருமுறை பார்த்தார். கெஞ்சும் பார்வை இல்லை. சந்தேகம் தீர்ந்துவிட்ட பார்வை. ஞாபகம் இல்லை என்று அவள் சொன்னதே, தன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் சொன்ன பொய் என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

"பரவால்லம்மா. எனக்காக நீங்க ஒண்ணும் மழுப்ப வேணாம்" என்றார். "வயசாயிடுச்சு. அசந்துதான் இருப்பேன்."

பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார்.

"போடாதீங்க!"

அறையே அதிர்ந்தது. தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். போனை எடுத்து, போட்டோவைத் திறந்து, அச்செடுத்த படத்தின் மேலேயே வைத்தாள். "இதைப் பார்த்துத்தான் வரைஞ்சேன். அவர் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தார். கண்ணை மூடினது நான்."

கறார் குனிந்தார். படத்தைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அதே நாற்காலி. அதே நிமிர்வு. மடித்து வைத்த அதே கை. கண் மட்டும் வேறு.

"ஏன்?" என்றார் இயக்குநர்.

"என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார். அது... படத்துக்கு ஒத்துவரல."

கறாரின் விரல் போன் திரையைத் தற்செயலாகத் தள்ளியது. அடுத்த போட்டோ வந்தது. செருப்புக் கடிப் பெண். இன்னொரு தள்ளு. அளந்துவிடும் இளைஞன். இந்த முறை தற்செயல் இல்லை. விரல் தள்ளிக்கொண்டே போயிற்று. கண்காட்சிக்குச் சட்டம் போட்டு வைத்திருந்த ஒவ்வொரு படமும், ஒன்றன்பின் ஒன்றாக, பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றது.

"இந்த மழைக் குடைக்காரங்க?" இயக்குநரின் குரல் மெலிந்திருந்தது. "அது என் வீட்டுச் சுவர்ல தொங்குது. கொட்டற மழையில நனைஞ்சுக்கிட்டே வரைஞ்சதா சொன்னீங்களே?"

"சாப்பாட்டு மேஜையில" என்றாள் ஸ்டூலம்மா. தலை நிமிரவில்லை. "மழை அன்னிக்கு நான் காருக்குள்ள இருந்தேன்."

கறார் தொண்டையைக் கனைத்தார். போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். அவருக்கே பார்க்கக் கூச்சமாகிவிட்டது போலிருந்தது.

காவலர்தான் போனை மெல்ல நிமிர்த்தித் தன் போட்டோவைத் தேடி எடுத்தார். தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, மறுபடி தூரத்தில் பிடித்தார்.

"முழிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். மூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்தது. அப்புறம், "இதை எனக்கு அனுப்பிவிடறீங்களாம்மா? வீட்டுக்காரிகிட்ட காட்டணும்" என்றார்.

"அனுப்பறேன் அண்ணே. இன்னிக்கே எல்லாருக்கும் தெரியற மாதிரி போட்டுடறேன்."

"போன்ல படம் பிடிக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். ஞாபகத்துக்கு வச்சுக்கறீங்கன்னு நினைச்சேன்." அவர் குரலில் குத்தல் இல்லை. "நம்ம மியூசியத்தை நேர்ல பார்த்து வரையறாங்கன்னு சொந்தக்காரங்ககிட்டல்லாம் சொல்லிவச்சிருக்கேன். அதான்."

அந்த 'அதான்' போதுமாக இருந்தது. அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

காவலரை உடனே வேலைக்குத் திரும்பச் சொன்னார்கள். கண்காட்சி இல்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இயக்குநர் போனை எடுத்து, "அந்த ஏணியை எடுத்துடுங்க" என்று மட்டும் யாரிடமோ சொன்னார்.

ஸ்டூலம்மா தாழ்வாரத்திலேயே நின்று, போட்டோவையும் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஏற்றினாள். 'இவர் தூங்கவில்லை. கண்ணை மூடியது நான். என் படங்கள் போட்டோவைப் பார்த்து வரைந்தவை' என்று எழுதினாள். 'எல்லாமா?' என்று முதல் ஆள் கேட்டுவிட்டான். 'எல்லாம்' என்று பதில் போட்டாள். அதற்குப் பிறகு வந்தவற்றைப் படிக்கத் தெம்பில்லை. போனை அணைத்துப் பையின் அடியில் போட்டாள்.

வெளியே போக ஒரே வழி சிற்பக் கூடம்தான்.

காவலர் சீருடையில் இருந்தார். கழுத்துப் பொத்தான் வரை போட்டாயிற்று. சின்னப் பெண் அவருக்கு நாற்காலியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "இன்னிக்காவது நல்லா முழிச்சுப் பாருங்க தாத்தா" என்று கலாய்த்தபடி தன் இடத்துக்குப் போனாள். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் தலையைத் திருப்பினார். வாசலில் ஸ்டூலோடு நிற்பவளைப் பார்த்தார்.

சிரிப்பு அப்படியே நின்றது. முதுகு விறைத்தது. கை இரண்டும் முழங்காலுக்குப் போயின. கண்கள் விரிந்தன. விரிந்தவை விரிந்தபடியே இருந்தன. அவளைப் பார்த்து எப்போதும் வரும் தலையாட்டல் வரவில்லை. தலை அசைந்தால் கண் சிமிட்டிவிடுமோ என்று பயந்தவர்போல, நேரே எதிர்ச்சுவரை வெறித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் நீர் கோத்தது. அப்போதும் இமைக்கவில்லை.

"நான் வரையலண்ணே" என்று சொல்ல வாயெடுத்தாள். இந்த வாய் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஸ்டூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கிட்டத்தட்ட ஓட்டமாகவே கூடத்தைக் கடந்தாள், அந்த மனிதர் கண்ணை மூடித் திறக்கட்டும் என்று.